கிழித்துப் போடாத கருமாதிப் பத்திரிகை

கோர்ட் கேஸ்களுக்காகப் பழைய பதிவேடுகளில் செத்தவர்களைத் தேடிப் போகிற தொழிலில் நாற்றம் சகஜம் என்று வேதகிரி சார் அடிக்கடி சொல்வார். அவருக்கென்ன, இரண்டு மூக்கிலும் பொடி அடைத்திருக்கும். அவருடைய உதவியாளன் வரதனாகிய என்னுடைய மூக்கு சும்மாதான் இருக்கிறது.

1982 பிப்ரவரி, அந்தச் சனிக்கிழமை காலை, வேங்கைத்தாங்கல் கிராமத்தின் மாஜி மணியக்காரர் ராஜாராமின் மாட்டுக் கொட்டகையில் நான் கணுக்கால் அளவு சாணியில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே பரணில் ஊரின் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. 1980 கடைசியில் சர்க்கார் பரம்பரை மணியத்தை ஒழித்து உத்தரவு போட்டதும் ராஜாராமுக்குக் கோபம் வந்துவிட்டது. புதிதாக வந்த அதிகாரியிடம் பாதிக் கட்டுகளைக் கொடுத்தார். மீதியைக் கொண்டுவந்து எருமைக்கு மேலே ஏற்றிவிட்டார். ஒரு ஊர் முழுக்கப் பிறந்ததும் செத்ததும் எலிப்புழுக்கையில் ஊறிக்கொண்டிருந்தது.

"வரது, நாற்பத்தொன்பதாம் வருஷக் கட்டை எடு."

எடுத்தேன். கட்டோடு சேர்ந்து காய்ந்த பல்லி ஒன்று என் சட்டைப் பையில் வந்து விழுந்தது.

"சார், ஒரு சாவு கெடச்சிடுச்சி. பேரு, தகப்பன் பேரு ரெண்டும் தெரியல."

"பதிவேட்டைக் கேட்டேன்."

கொட்டகை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தோம். 1949 ஜனவரி இருந்தது. ஏப்ரல் இருந்தது. நடுவில் பிப்ரவரி, மார்ச் எழுதிய தாள் இல்லை. 1948-ஐயும் இறக்கினோம். அதிலும் அதே இரண்டு மாதத் தாள் காணவில்லை. மற்றதெல்லாம் பூச்சி அரித்தாலும் அரித்தபடி இருந்தது.

"எலிங்க வேலதான்," என்றார் ராஜாராம், வெற்றிலைச் சாற்றை எருமையின் காலடியில் துப்பிவிட்டு. "அதுங்களால ஒரே பேஜாரு."

வேதகிரி சார் தாள் இருந்த இடத்தின் அடிக்கட்டையை விரலால் தடவினார். மேலிருந்து கீழ்வரை பிளேடால் இழுத்த நேர்க்கோடு.

"ஸ்கேல் வெச்சுக் கடிச்சிருக்கே," என்றார்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண எலி சார்," என்றேன் நான்.

ராஜாராம் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே அவர் வீட்டுச் சுவரோரம் நாலு நெல் மூட்டை அடுக்கியிருந்தது. நாலிலும் நீல மையில் 'வே.ச.' என்று மார்க். எங்கள் கேஸின் எதிராளி வேங்கைத்தாங்கல் சடையப்பன் களத்து மார்க் அது. வேதகிரி சார் மூட்டையைப் பார்த்தார், ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் எருமையைப் பார்த்தார். எருமைதான் அங்கே இருந்தவர்களில் யோக்கியம். நாங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் எங்கள் கட்சிக்காரன் கன்னியப்பன் அம்மாவோடு காத்திருந்தான். ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவன், முப்பத்திரண்டு வயது. அம்மா செல்லாயி, வெள்ளைப் புடவை, ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தாள் போயிடுச்சுப்பா," என்றார் வேதகிரி சார்.

கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். செல்லாயியின் புருஷன் பச்சமுத்து வேங்கைத்தாங்கலில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். மீதிப் பாதி தம்பி சடையப்பனுக்கு. பச்சமுத்து காய்ச்சலில் போய்விட்டார். அப்போது செல்லாயி ஐந்து மாத கர்ப்பம். காரியம் முடிந்த கையோடு அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டினார்கள். காவாந்தண்டலத்தில் 1949 ஜூலை 11-ஆம் தேதி கன்னியப்பன் பிறந்தான். அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டில் அது ஒழுங்காக இருக்கிறது. மில் முதலாளி தைரியம் சொல்லி இப்போதுதான் கேஸ் போட வைத்திருக்கிறார். சடையப்பன் கோர்ட்டில் கொடுத்த பதில், அண்ணன் இறந்தது 1949 இல்லை, 1948 என்பது. அப்படியானால் கன்னியப்பன் பிறந்தது அப்பன் செத்துப் பதினாறு மாதம் கழித்து.

"சார், நெலம் போனா போவட்டும்," என்றான் கன்னியப்பன். "நெல்லு அவிச்சே நான் கஞ்சி குடிச்சிக்குவேன். அந்த ஊர்ல என்னிய இன்னான்னு கூப்புட்றானுங்க தெரியுமா? யானக்குட்டியாம். பதினாறு மாசம் வயித்துல இருந்தவனாம். எங்கம்மா பஸ்ஸுல ஏறுனா பின்னாடி குந்திக்கினு சிரிக்கிறானுங்க."

செல்லாயி தலை நிமிரவில்லை. நிலத்துக்கு ஆசைப்படுகிறவனைப் புரிந்துகொள்ளலாம். கூடப்பிறந்த அண்ணன் செத்த நாளை ஒரு வருஷம் பின்னால் தள்ளி வைத்து, அண்ணிக்குத் தேவடியாப் பட்டம் கட்டுகிறவனை என்ன செய்வது? திங்கட்கிழமை கடைசி வாய்தா. அன்று அவன் சொன்னது பொய் என்று காட்டாவிட்டால் செல்லாயி சோரம் போனவள் என்பதைச் சர்க்கார் முத்திரையோடு எழுதி விடுவார்கள்.

சடையப்பனின் சாட்சியம் ஒரே ஒரு கார்டு. கறுப்புக் கரை போட்ட கருமாதிப் பத்திரிகை. முந்தின நாள் கோர்ட்டில் வக்கீல் தயவில் அசலைப் பார்த்திருந்தோம். 'எனது தமையனார் பச்சமுத்து அவர்கள் 27-2-1948 வெள்ளிக்கிழமை சிவலோக பதவி அடைந்தபடியால்' என்று ஆரம்பித்து, 'இப்படிக்கு சடையப்பன்' என்று முடிந்தது. அச்சகத்தின் பெயர் இருக்கவேண்டிய கீழ் விளிம்பு கத்தரித்திருந்தது. வீட்டுப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தாராம். கார்டின் மூலையில் குங்குமம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம்," என்றார் வேதகிரி சார். "பூர்வீகம் எழுதணும், தாத்தா செத்த தேதி வேணும்னு எத்தனையோ பேர் எங்கிட்ட வந்திருக்காங்க. கல்யாணப் பத்திரிகை கேட்டா வீட்டுக்கு நூறு எடுத்துத் தருவாங்க. கருமாதிப் பத்திரிகை மட்டும் ஒண்ணுகூடக் கெடச்சதில்ல. ஏன் வரது?"

"எவன் சார் வூட்டுக்குள்ள வெப்பான்? சாவு லெட்டர வாசல்லயே நின்னு படிச்சிட்டு, அங்கியே கியிச்சிப் போட்டுட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான உள்ளாற போவாங்க."

"அதான். கிழிக்காத கருமாதிப் பத்திரிகைன்னா, அது யார் வீட்டு வாசலுக்கும் போகாத பத்திரிகை. புதுசா அடிச்சது. ஆனா இதை நான் கோர்ட்டில் சொன்னா, 'எங்கள் கட்சிக்காரருக்கு அண்ணன் மேல் பாசம், அதனால் வைத்திருந்தார்'னு அவங்க வக்கீல் கண்ணைத் துடைச்சுக்குவார்."

எனக்கு மூளை வேலை செய்தது. "கெழமைய பாத்தீங்களா சார்? வருசத்த மாத்துனவன் கெழமைய வுட்டிருப்பான்!"

"பார்த்தேன். 1948-ல் அந்தத் தேதி வெள்ளிக்கிழமைதான். எங்கேயோ பழைய காலண்டர் தேடிப்பிடிச்சுச் சரிபார்த்திருக்கான். கெட்டிக்காரன்."

என் மூளை மறுபடி படுத்துக்கொண்டது. வேதகிரி சார் எழுந்து செல்லாயியைக் கடைக்குப் பின்னால் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். உடனே மனிதர் பஜார் தெருப் பக்கம் விறுவிறுவென்று போனார். அரைமணி கழித்து, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு திரும்பினார்.

"இன்னா சார் அது, வடையா?"

"வடைதான். சடையப்பனுக்கு." பிறகு கன்னியப்பனிடம், "அம்மாவைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸில் வா. சடையப்பன் வீட்டுத் தெருக்கோடியில் நில்லு. கூப்பிட்டா மட்டும் வரணும்," என்றார்.

சடையப்பன் வீட்டில் சாணி இல்லை, எலி இல்லை. கூடம் துடைத்து விட்டிருந்தார்கள். ஊஞ்சலில் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சந்தனம், அறுபதை நெருங்குகிற வயது. அவ்வளவு சுத்தமான ஒரு மனிதனைப் பார்த்து அதற்கு முன் எனக்குக் குமட்டியதில்லை. மோர் கொடுத்தார்கள். நான் டம்ளரைத் தொடவில்லை.

"கேஸ வாபஸ் வாங்கிக்கினானா?" என்று சடையப்பன் நேராக ஆரம்பித்தார்.

வேதகிரி சார் முகத்தை அப்படியே தொங்கப் போட்டுக்கொண்டார். என் முதலாளி கூத்துக்குப் போயிருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

"பையன் மனசு ஒடிஞ்சு போய்ட்டான் ஐயா. அப்பான்னு இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தவருக்கு எள்ளும் தண்ணியும் விடணும்னு ஒரு ஆசை. நாள் தெரியாதாம். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

"எவனோ பெத்தவனுக்கு அந்தக் கவல இன்னாத்துக்கு?"

அப்போது உள்ளேயிருந்து சடையப்பனின் மனைவி பாஞ்சாலி குரல் கொடுத்தாள். "தோ, செவ்வாக்கெழமைக்கு வாயக்கா பத்தாது. இன்னும் ரெண்டு சீப்பு சொல்லி அனுப்பு!"

"விசேஷமா?" என்றார் வேதகிரி சார்.

சடையப்பன் ஊஞ்சலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கண்ணன் தெவசம். வர செவ்வா, மாசி அமாசை. ஒரு வருசம் தவறுனதில்ல. நூறு பேருக்கு எல போட்றேன். கூடப்பொறந்தவனுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் இப்டி செய்றான், சொல்லு பாப்போம்?"

"அமாவாசை நிச்சயந்தானே? நாள் தப்பிப்போனா பிரயோஜனமில்லைன்னு பையன் பயப்படறான்."

"இன்னாய்யா பேசற? உசுரு போறப்ப நான் பக்கத்துல குந்திக்கினு கீறேன். தெவசத்துக்கு அய்யரு குறிச்சிக் குடுத்த நாளு. எங்க பங்காளிங்க அத்தினி பேரும் வந்து தின்னுட்டுப் போறாங்க. ஊர கேட்டுப் பாரு."

"வாய் வார்த்தையா சொன்னா அவன் நம்பமாட்டான். ரெண்டு வரி உங்க கையால எழுதிக் கொடுத்தா, இத்தோட விட்டு ஒழிஞ்சிடுவான்."

விட்டு ஒழிவான் என்ற வார்த்தை சடையப்பனுக்குத் தேனாக இறங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 'என் அண்ணன் பச்சமுத்து இறந்த திதி மாசி மாதம் அமாவாசை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி வேறு கொடுத்தார்.

வேதகிரி சார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மஞ்சளாகிப்போன இரண்டு பஞ்சாங்கங்கள்.

"உங்க அண்ணியை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அவர் போனது என்ன திதின்னு; அவங்களும் அமாவாசைன்னுதான் சொன்னாங்க. ஜாதகம் எழுதறவங்க பழைய பஞ்சாங்கத்தை வீசமாட்டாங்க. பஜார் தெரு ஜோசியர்கிட்ட இரவல் வாங்கினேன். இது 48-ஆம் வருஷ மாசி. உங்க பத்திரிகையில் போட்டிருக்கிற பிப்ரவரி 27-க்கு நேரா என்ன திதின்னு படிங்க."

சடையப்பன் வாங்கினார். பார்த்துவிட்டு அதை ஊஞ்சல் பலகையில் கவிழ்த்து வைத்தார்.

"வரது, நீ படி."

வாங்கிப் பார்த்தேன். 24-ஆம் தேதி பௌர்ணமி. 27-ஆம் தேதி திரிதியை.

"இன்னா சார் இது! பவுர்ணமி முடிஞ்ச மூணா நாளு அமாவாசையா? உங்க ஊர்ல நெலாவுக்கும் நீங்கதான் மணியமா?"

"இதையும் படி," என்று அடுத்த பஞ்சாங்கத்தைத் தள்ளினார் வேதகிரி சார். 1949 பிப்ரவரி 27. ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை.

ஊஞ்சல் நின்றுவிட்டது.

"ஒரே ஒரு எண்ணைத்தான் மாத்தினீங்க," என்றார் வேதகிரி சார். "ஒன்பதை எட்டாக்கினீங்க. கிழமையைக்கூடச் சரி பண்ணினீங்க. ஆனா கோர்ட்டுக்குத்தான் தேதி. உங்க வீட்டில் செத்தவங்களுக்கு என்னிக்குத் தேதி பார்த்திருக்கீங்க? அவங்களுக்குத் திதி. அது அந்த வருஷத்துச் சந்திரனோட ஓடுது, உங்க பேனாவோட ஓடாது."

"அய்யரு… அய்யரு தப்பா குறிச்சிட்டாரு," என்றார் சடையப்பன்.

"ரொம்ப சரி. அப்போ இத்தனை வருஷமா தப்பான நாளில் அண்ணனுக்குப் பிண்டம் வெச்சு, பங்காளிங்க அத்தனை பேருக்கும் தப்பான நாளில் சாப்பாடு போட்டிருக்கீங்க. திங்கட்கிழமை கூண்டில் ஏறி அதைச் சொல்லுங்க. அவங்களையும் கூப்பிட்டிருக்கேன், கேக்கட்டும். இல்லேன்னா பத்திரிகை பொய்னு சொல்லுங்க. ரெண்டில் எது உங்களுக்கு வசதி?"

யாரையும் அவர் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சடையப்பன் முகத்தில் திருநீறும் தோலும் ஒரே நிறமாகிவிட்டது.

பாஞ்சாலி உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் எள் புடைத்த முறம். பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

"நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன்," என்றாள் புருஷனிடம். "செத்தவரு நாள்ல கை வெக்காத, அது சும்மா வுடாதுன்னு."

அவள்மேல் வந்த இரக்கம் அந்தப் பேச்சோடு போயிற்று. செத்தவர் நாளில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவளுக்கு, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் மானத்தில் கை வைத்தது உறுத்தவில்லை. எனக்கு அந்த வீட்டைவிட்டு ஓடி ராஜாராமின் சாணியிலேயே போய் நிற்கலாம் என்று இருந்தது.

"வரது, அவங்களைக் கூப்பிடு."

தெருக்கோடியிலிருந்து செல்லாயி நடந்து வந்தாள். முப்பத்து மூன்று வருஷம் கழித்து அந்தத் தெருவில் கால் வைக்கிறாள். அவளைக் கண்டதும் வீட்டுக்கு வீடு ஆள் எட்டிப் பார்த்தார்கள். புடைத்துக்கொண்டிருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சடையப்பன் ஓடிவந்து கதவருகில் நின்றார். "உள்ள வா அண்ணி. எதுனாலும் உள்ள வந்து பேசிக்கலாம்."

செல்லாயி படியேறவில்லை. "உங்கண்ணன் போன அன்னிக்கி எனக்கு எத்தினி மாசம்?"

"அண்ணி…"

"தெருவுக்குக் கேக்கறாப்ல சொல்லு. யானக்குட்டின்னு சொன்னப்ப தெருவுக்குக் கேட்டுதே."

சடையப்பன் இடமும் வலமும் பார்த்தார். "அஞ்சு மாசம்," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. செல்லாயி அப்படியே நின்றாள். வேதகிரி சார் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"அஞ்சு மாசம்!" என்று சடையப்பன் கத்தினார்.

எதிர்வீட்டில் யாரோ த்தூ என்று துப்பினார்கள். இவ்வளவு நாளும் அவர் போட்ட இலையில் உட்கார்ந்து தின்றவர்கள்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணி, கோர்ட்டுல மட்டும் சொல்ல வாணாம். பாதி நெலத்த நானே எழுதிக் குடுத்துட்றேன்."

"நெலத்த கோர்ட்டு பாத்துக்கும். செவ்வாக்கெழம எங்கூட்டுக்காரருக்கு எள்ளுந்தண்ணியும் என் புள்ள வுடுவான். நீ எட்ட நில்லு."

அதுவரை கத்தவும் கெஞ்சவும் தெரிந்த மனிதர் அப்போதுதான் உண்மையிலேயே ஆடிப்போனார். "அத மட்டும் எடுத்துக்காத அண்ணி. அவரு என் அண்ணன்!"

"ஒனக்கு அண்ணன்," என்றாள் செல்லாயி. பக்கத்தில் நின்ற மகனின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவனுக்கு அவரு யாரு?"

சடையப்பன் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே பின்வைத்தார்.

"இவனுக்கு யாரு, சொல்லு."

"நைனா," என்றார் சடையப்பன்.

நெல் மூட்டை தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு ஏறினவன் கன்னியப்பன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நடுத்தெருவில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டான். வேதகிரி சார் வேறு பக்கம் திரும்பிப் பொடி போட்டுக்கொண்டார்.

செல்லாயி அழவில்லை. குனிந்து மகனின் தோளைத் தட்டினாள்.

"எய்ந்துருடா. பஸ்ஸு பூடும்," என்றாள்.